கோட்டுக்குக் கீழே விழுந்த புள்ளி

சென்ற ஆண்டு தைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு அண்ணனின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டெங்குக் காய்ச்சலில் இருந்த அவருடைய இரத்தத் தட்டணு எண்ணிக்கை, அவரே போட்டு வைத்திருந்த கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்போதே மதுரைப் பெரிய மருத்துவமனைக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். புறப்படாமல் நிறுத்தியவள் தங்கையாகிய நான்.

அண்ணன் கம்பத்தில் திராட்சை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் மறைந்தபோது அவருக்குப் பதினாறு வயது. கொடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கல்லூரிக்குப் பஸ் ஏறுவார். புள்ளியியல் படித்து, வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் சோதனைகளைத் திட்டமிடும் பணியில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்துத் திருமணமும் செய்து கொடுத்தார். தாம் மணம் செய்துகொள்ளவில்லை. நான் கணவரை இழந்தபின் தேனிக்கு வந்து என்னோடும் என் மகளோடுமே இருந்தார்.

கொடிகளில் நோய் பார்க்க அவர் தோட்டம் முழுவதையும் எண்ண மாட்டார். ஒவ்வொரு கொடியாகப் பார்த்து, நோய்கண்ட இலைகளை எண்ணிக் கூட்டிக்கொண்டே வரைபடத்தாளில் புள்ளி வைப்பார். மேல்கோட்டைத் தாண்டினால் மருந்து அடிக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் வேண்டாம். இடையில் நின்றால் அடுத்த கொடி. எந்தக் கோட்டைத் தாண்டினாலும் எண்ணிக்கை அதோடு முடிந்தது. கோடுகளைத் தோட்டத்துக்குள் நுழையும் முன்பே போட்டுவிடுவார்.

"என்ன சார், பதினோரு கொடியிலயே முடிச்சிட்டீக? பொண்ணு பாக்கப் போனாலும் இப்படித்தான் பாதியில எந்திரிச்சு வருவீகளா?" என்று ஒரு தோட்டக்காரர் கேட்டாராம்.

"அங்கன கோடு போடாமப் போயிட்டேண்ணே. அதான் இன்னும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

காய்ச்சல் வந்ததும் மருத்துவரிடம் கேட்டு, என் மகளின் வரைபடத்தாளில் தட்டணு எண்ணிக்கைக்கு ஒரு கோடு போட்டார். "இதுக்குக் கீழ புள்ளி விழுந்தா யாரையும் கேக்க வேணாம் ஆத்தா. காரச் சொல்லிரு."

விழுந்தது. மறுநாள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. அவளைத் தனியே விட மனம் வரவில்லை. "சாயங்காலம் இன்னொரு தடவை பாத்துருவோம்ணே" என்றேன். மாலையில் எண்ணிக்கை சற்று ஏறிக் கோட்டுக்கு மேலே வந்தது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். "தாண்டினப்பறம் வச்ச புள்ளி இது. கணக்குல சேராது."

"அது கொடிக்குண்ணே. நீங்க என்ன கொடியா?"

"புள்ள பரிச்சைய முடிக்கட்டும்ங்குற. அதச் சொல்லு" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அவர் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. காரை வரச் சொல்லி மதுரைக்குப் புறப்பட்டோம். உசிலம்பட்டி தாண்டும்போது நினைவு தப்பியது. மதுரையில் வெள்ளிக்கிழமை மதியம் எங்களை விட்டுப் போனார்.

வழியில் எங்கும் நிறுத்தாமல் காரை ஓட்டிய டிரைவர் தம்பிக்கும், இரத்தம் கொடுக்கக் கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய தோட்டக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. என் மகளைத் தம் வீட்டில் வைத்திருந்து தேர்வுக்கு அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வேன்? கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையே அதைச் செய்திருப்பார். நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி என்றே ஆறுதல் சொன்னார்கள். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில், அண்ணனிடம் வேலை பழகிய பெண் அலுவலர் கோயம்புத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, "அன்னைக்கே போயிருந்தா பிழைச்சிருப்பாகளா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. ஒரே ஒரு ஆள வச்சு அதச் சொல்ல முடியாதுன்னு சார்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாக" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆனா, போயிருக்கணும்க்கா."