வெள்ளிக்கிழமை வரைக்கும்

நேற்று தியாகதுருகம் சாலையில் வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை வந்ததும், வடக்கனந்தலில் எங்கள் டியூசன் நடந்த கரும்பாலைக் கொட்டகை ஞாபகத்துக்கு வந்தது. இப்போது அங்கே பெட்ரோல் பங்க் நிற்கிறது. ஆலை ஓய்ந்து வருடங்களான பிறகும் மண்சுவரில் இனிப்பு ஊறிக்கிடக்க, நோட்டின் மேல் ஈக்கள் ஊர்ந்துகொண்டிருக்க, நாங்கள் 'பிகாஸ்', 'பட்', 'அன்டில்' என்று ஒரே குரலில் கத்தி, இரண்டு இங்கிலீஷ் வாக்கியங்களை ஒன்றாகச் சேர்க்கப் பழகினோம்.

ஒரு திங்கட்கிழமை, 'அன்டில்' வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார் மலர் டீச்சர். என்னோடு ஒன்பதாவது படித்த தேவகி, வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கே வருவேன் என்று எழுதினாள். ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் டீச்சர் டிக் போடவில்லை.

"இன்னா தேவகி, அதுக்கப்புறம் வரமாட்டியா?"

"கல்யாணம் வெச்சிருக்காங்க டீச்சர். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு."

பக்கத்திலிருந்த எங்கள் நாலைந்து பேருக்கு மட்டும்தான் அது கேட்டது. டீச்சர் எங்கள் எல்லாரையும் அருகே இழுத்து, "காலைல நான் ஆபீஸ்ல சொல்லி ஆளுங்களக் கூட்டிக்கினு வர்றேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார்.

அன்று சாயங்காலமே என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா குழாயடியில் சொன்னாள்.

காலையில் டீச்சர் அதிகாரிகளோடு போனபோது தேவகியின் வீடு பூட்டிக்கிடந்தது. விடியுமுன்பே மலைக்கோயில் ஒன்றில் தாலி கட்டிவிட்டார்கள்.

யார் சொன்னதென்று டீச்சர் கொட்டகையில் எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார். என் முறை வந்தபோது தெரியாது என்றேன்.