குமுதா வீட்டுச் சிவப்புப் புள்ளி

குமுதா என் கீழ்வீட்டுக்காரி. கிள்ளானில் எங்கள் ப்ளாட்டில் நான் இரண்டாம் மாடி, அவள் தரைவீடு. பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் கிண்டுகிற வேலை. கைச் சுத்தம் உண்டு, வாய் கிடையாது. எனக்கு வாய் மட்டும்தான் உண்டு என்பான் அவள் புருஷன் பாலன். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாலன் லோரி ஓட்டியவன். இனிப்புநீர் வந்து, சர்க்கரை ஏறி, போன வருஷம் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது பாதத்திலும் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்கிறது. அழுக்குத் தண்ணீர் பட்டால் அந்தக் காலும் போய்விடும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தாள். ஆனால் சாயங்கால மழை பிடித்தால் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற லோங்காங் ரொம்பி, அந்தச் சாக்கடைத் தண்ணீர் நேரே இவர்கள் வீட்டுக்குள்தான் வரும்.

முன்பெல்லாம் இப்படி ஒன்று என்றால் கட்சிக் கிளைத் தலைவரிடம் போவோம். அவர் வந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போவார். சாக்கடை அப்படியே இருக்கும்.

பிறகு ஒருநாள் பாசார் மாலம் ராத்திரிச் சந்தையில் நகராண்மைக் கவுன்சில்காரர்கள் கூடாரம் போட்டு, குமுதாவின் போனில் புகார் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். படம் எடுத்து அனுப்பினால் ஊர் மேப்பில் சிவப்புப் புள்ளி விழும். வேலை முடிந்தால் பச்சையாகும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்குப் படிப்புக் கிடையாது. சிவப்பும் பச்சையும் தெரியும், அது போதும்.

குமுதா லோங்காங்கைப் படம் எடுத்துப் போட்டாள். ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார் என்று மெசேஜ் வந்தது. உடனே இவள் செய்த கூத்தைக் கேளுங்கள். அவர் வருகிற நாள் காலையில் லோங்காங்கில் இறங்கி, குப்பையெல்லாம் வாரிப் போட்டு, பினாயில் ஊற்றித் தேய்த்துவிட்டாள். வாசலில் கோலம் வேறு.

"ஏண்டி, மூளை கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"வெளி மனுசன் வராரு பெரியம்மா. நாத்தத்தையா காட்டுறது? நம்மள பத்தி என்னா நெனப்பாரு?"

"நாத்தத்த காட்டத்தானடி கூப்பிட்ட!"

ஆபீசர் மலாய்க்காரர், நல்ல மனிதர். இவள் "மினும் டூலு, என்சிக்" என்று, முதலில் குடிக்கச் சொல்லி உட்காரவைத்து வடையும் டீயும் கொடுத்தாள். சாப்பிட்டார். பளபளவென்றிருந்த லோங்காங்கைப் படம் எடுத்தார். "செலெசாய், காக்", முடிந்தது அக்கா, என்று சிரித்துக்கொண்டே போனார். மத்தியானமே புள்ளி பச்சை. வேலை முடிந்ததாம்.

அந்த வாரமே கொட்டியது மழை. நான் இறங்கி வந்து பார்த்தபோது தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. பாலன் கட்டில் நடுவில் உட்கார்ந்து, இருக்கிற காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். இவள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"வாளிய வெச்சிட்டு, போனை எடு. இவன படம் புடிச்சுப் போடு."

"ஐயோ, ஊரே பாக்கும் பெரியம்மா! காலு இல்லாத மனுசன், கைலியோட... செத்தாலும் போடமாட்டேன்."

"மானம் வேணுமா, காலு வேணுமா? ஒண்ணு சொல்லு."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பாலன்தான் கத்தினான்.

"எடுலா! மிச்சம் இருக்கிறதே ஒரு காலு. ஒன் வெக்கத்துக்கு அதையும் குடுக்கணுமா? இரு, சட்ட போட்டுக்கிறேன்."

பத்துமலைக் கோயிலுக்குப் போகும்போது போடுகிற மஞ்சள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். தலையைச் சீவிக்கொள்ளச் சொல்லிச் சீப்பும் கொடுத்தாள். இவளைத் திருத்த என்னால் ஆகாது. ஒரு படம் எடுத்தாள். சுற்றிலும் கறுப்புத் தண்ணீர், நடுவில் காலைத் தூக்கிப் பிடித்தபடி பாலன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

மறுநாள் மேப்பைத் திறந்தால் லோங்காங் வருகிற வழியெல்லாம் அம்மை போட்டதுபோல் சிவப்பு. மேலே தள்ளிச் சீனன் காப்பிக்கடை, அதற்கும் மேலே மலாய்க்கார வீடுகள். அவர்களும் இத்தனை நாள் வீட்டுக்குள் வந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள்தான். பாலனைப் பார்த்ததும் அவரவர் வீட்டையும் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

அதே ஆபீசர் ஓடிவந்தார். போனை நீட்டி எங்களுக்கே காட்டினார். புள்ளிகள் எல்லாம், எங்கள் வீட்டைத் தாண்டி லோங்காங் கடக்கிற ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் அடைப்பு லோங்காங்கில் இல்லை, ரோட்டுக்கு அடியில் என்றார். தோண்டினார்கள். உள்ளே குழாய் உடைந்து, மண் மூடிக் கிடந்தது. புதுக் குழாய் இறக்கினார்கள்.

அதற்கப்புறம் பெரிய மழை ஒன்று வந்தது. குமுதா பின்கதவைத் திறந்து வைத்து நின்றாள். நானும் போய் நின்றேன்.

உள்ளேயிருந்து பாலன் குரல்: "தண்ணி வருதா?"

"இல்லங்க. ஓடுது."

"நல்லா பாரு."

"ஓடுதுங்க, ஓடுது!"

புண் இப்போது ஆறிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அந்தச் சாக்கடை ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றதில், மாடியில் காயப்போட்ட என் துணியெல்லாம் நனைந்து போனது.