பேணி இல்லாத புல்டோசர்

புல்டோசரின் எஞ்சின் ஏன் இறுகியது என்பதற்கு ஏழு காரணங்களை நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். முதலாவது காரணம் நான்தான்.

துறைமுகத்தில் மண் தள்ளித் தேய்ந்து, வேண்டாமென்று கழித்துவிட்ட புல்டோசர் அது. அப்பாவை விட மூப்பு. அவர் அதை எங்கள் ஊரான கிளிவெட்டிக்குக் கொண்டுவந்தபோது நான் பிறக்கவில்லை. அதன் புகைக்குழாய் வானத்தைப் பார்த்தபடி நிற்கும். வேலை முடிந்ததும் மழை இறங்காதபடி அதன் வாயில் பால்மா வந்த ஒரு தகரப் பேணியைக் கவிழ்த்துவிடுவார் அப்பா.

ஆடி மாதம் லீவில் வந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். டவுனில் எஞ்சின் பற்றித்தான் படிக்கிறேன். கூடப் படிப்பவர்களுக்குக் காட்ட ஒரு படம் எடுக்க விரும்பினேன். அவ்வளவு பெரிய இயந்திரத்தின் தலையில் பால்மாப் பேணி இருப்பது எனக்கு வெட்கமாகப் பட்டது. ஏறி எடுத்தேன். படம் நன்றாக வந்தது. பேணியைக் கிணற்றடியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆவணியில் இரண்டு நாள் இடிமழை பெய்தது.

புரட்டாதியில் அப்பா போன் எடுத்தார். "தம்பி, எஞ்சின் அசையுதில்லை. நீ படிச்சனீதானே, வந்து பார்."

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது எனக்குப் பேணி ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

விஷயம் சின்னதில்லை. எங்கள் குளக்கட்டில் ஓர் உடைப்பு இருந்தது. மாரிமழைக்கு முன் அடைக்காவிட்டால் குளத்தில் தண்ணீர் நிற்காது. வயல்காரர் எல்லாருக்கும் அந்தப் போகம் இல்லை. அதை இந்தப் புல்டோசரால் அடைத்துத் தருவதாக அப்பா கூட்டத்தில் எழும்பிச் சொல்லியிருந்தார். கூட்டமென்றால் பின்வரிசையில் இருந்துவிட்டு வருகிறவர் அவர். எழும்பிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"குழாயில பேணியைக் காணேல்ல. குரங்குதான் கொண்டுபோயிட்டுது" என்றார் அப்பா. ஊரிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"இருக்கும்" என்றேன்.

பின்னேரம் கொப்பியைத் திறந்தேன். குரங்கு என்று எழுதக் கை வரவில்லை. கொப்பியில் பொய் எழுதக்கூடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பயம்.

மறுநாள் மூதூரில் இருந்து மெக்கானிக் வந்தார். அப்பாவின் பழைய சிநேகிதர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் அப்பா அவரைக் காக்கா என்பார், அவர் அப்பாவை மச்சான் என்பார். பின்னாலேயே வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையும் வெள்ளைச் சேர்ட்டோடு வந்து சேர்ந்தார்.

"கறுப்புச் சோடா ஊத்திப் பாத்தீங்களோ?" என்று வட்டவிதானை கேட்டார். "துருவைத் தின்னுமாம்."

"முதல்ல நீங்க குடிங்க" என்றார் மெக்கானிக். "ஒண்டும் ஆகாட்டி எஞ்சினுக்கு ஊத்துவம்."

இறுகியது எஞ்சின்தானா, அதோடு கொழுவியிருக்கும் வேறு ஏதாவதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்றேன். மெக்கானிக் தலையாட்டினார். பெல்ட்டைக் கழற்றினோம், டைனமோவைக் கையால் திருப்ப அது சுற்றியது, தண்ணீர்ப் பம்பும் சுற்றியது. எஞ்சின் மட்டும் மலை போல நின்றது. டீசல் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் போன் லைட்டை அடித்துப் பார்த்தோம். மூன்று சிலிண்டர் சுத்தம். நான்காவதில் செங்கல் நிறத்தில் தண்ணீர்.

"இதுக்குள்ள பிஸ்டன் துருவில ஒட்டியிரிக்கு" என்றார் மெக்கானிக். "படிச்ச மகன், ஏன் இப்பிடி வந்தது? சொல்லுங்களே."

"ஏழு காரணம் எழுதியிருக்கிறன் மாமா."

"ஏழோ? அப்ப வாசிங்க."

இரண்டாவதிலிருந்து வாசித்தேன். எஞ்சின் மூடிக்குக் கீழுள்ள பாக்கிங் கசிந்து ரேடியேட்டர் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ("ரேடியேட்டர் நிறைஞ்சு கிடக்கு" என்றார் மெக்கானிக்.) எண்ணெய் பழுதாகியிருக்கலாம். உப்புக்காற்று. நெடுநாள் ஓடாமல் நின்றது. டீசலில் தண்ணீர் கலந்தது. கடைசியாக, இயந்திரத்தின் முதுமை. கொப்பியை மூடினேன்.

"ஆறு" என்றார் அப்பா. ஆறு விரல் மடித்திருந்தார். "ஏழு எண்டனீ."

"ஒண்டு முக்கியமில்லை அப்பா."

"எனக்கு வாசிக்கத்தான் தெரியாது. எண்ணத் தெரியும்."

மெக்கானிக் கொப்பியை வாங்கி உரத்து வாசித்தார்: "ஒன்று. புகைக்குழாயின் வாயில் இருந்த பேணியைப் படம் எடுப்பதற்காக நான் எடுத்துவிட்டு, திரும்ப வைக்க மறந்தமை."

தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா நின்றுவிட்டார். "அந்தப் பேணியோ? அதில நான் மிளகாய்க்கண்டு வச்சிருக்கிறன்."

"பாவம், குரங்கு" என்றார் வட்டவிதானை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான்காவது சிலிண்டரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "குரங்கெண்டா மறந்திருப்பன்" என்றார் கடைசியில். பிறகு மெக்கானிக்கிடம் கேட்டார்: "காக்கா, கழலுமோ?"

தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, டீசலும் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். மூன்று நாள் ஊறவேண்டும். அந்த மூன்று நாளும் வட்டவிதானை காலையிலும் மாலையிலும் வந்து முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்பா என்னோடு கதைத்தது சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அதுவும் "உப்பை எடு" என்ற அளவில்.

நான்காம் நாள் எஞ்சினின் முன்பக்கப் பெரிய நட்டில், நட்டுத் திருகும் நீட்டுச் சாவியைக் கொழுவி, அதில் இரும்புக்குழாயைச் செருகி, நான், அப்பா, மெக்கானிக் மூவரும் தொங்கினோம். ஒன்றுமில்லை. "மற்றப் பக்கம் ஆட்டு" என்றார் மெக்கானிக். ஆட்டினோம். நான்காவது தடவையோ ஐந்தாவதோ, உள்ளே பல் பிடுங்குவது போல ஒரு சத்தம். சாவி ஒரு விரல் அகலம் அசைந்தது. அப்பா குழாயை விடாமல் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனபோது, உள்ளே கிடந்த எண்ணெயும் துருவும் புகைக்குழாயால் பீறிட்டு வட்டவிதானையின் வெள்ளைச் சேர்ட்டில் விழுந்தன. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஓடுது" என்றார்.

ஐந்து நாளில் உடைப்பு அடைபட்டது. மழை ஆறாம் நாள் வந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம், குளக்கட்டில் எஞ்சினை நிறுத்திவிட்டு அப்பா பேணியை எடுத்துவர என்னை வீட்டுக்கு அனுப்பினார். அம்மா முணுமுணுத்தபடி மிளகாய்க்கண்டைப் பழைய சட்டிக்கு மாற்றிவிட்டு, மண்ணோடு பேணியைத் தந்தார். நான் கழுவிக்கொண்டுபோய், ஏறி, குழாயில் கவிழ்த்தேன்.

"இப்ப படம் எடு" என்றார் அப்பா. சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு புல்டோசருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

நான் போனை உயர்த்தினேன்.

"பேணியும் படத்தில விழுதோ எண்டு பார்" என்றார்.