அக்கா எழுதாத பரீட்சை

பிளஸ் ஒன் முடித்த கோடை விடுமுறையில் படிப்பை நிறுத்திவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். கணக்குப்பதிவியலில் தட்டுத் தடுமாறித்தான் தேறியிருந்தேன். பொருளியல் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வந்தது. கொஞ்ச நாள் வீட்டில் இருந்து தீப்பெட்டி வேலை பார்ப்பது, பதினெட்டு முடிந்ததும் அக்காவோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிவிடுவது என்பதுதான் என் திட்டம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊரில் இதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். அக்காவே அப்படிப் போனவள்தான். லோடு ஏற்றும்போது அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்ட வருடம் பிளஸ் ஒன்னோடு நின்றாள்.

நான் சொன்னதைக் கேட்டு அம்மா அழுதாள். அக்கா அழவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, நானும் இந்த வருசம் பிளஸ் டூ எழுதப் போறேன். தனித்தேர்வு. ரெண்டு பேரும் சேந்து படிப்போம்."

"நெசமாவா?"

"பின்ன? எனக்கு எல்லாம் மறந்து போச்சு. நீயும் நின்னுட்டீன்னா யாருடி சொல்லிக் குடுப்பா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜூன் மாதம் நான் திரும்பப் பள்ளிக்கூடம் போனேன். எனக்காகப் போகவில்லை.

அக்காவை வேன் இறக்கிவிடும்போது பொழுது சாய்ந்திருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் காதோரத்தில் அலுமினியப் பொடி கொஞ்சம் மினுங்கும். காபி குடித்துவிட்டு எதிரில் உட்கார்வாள். அன்று பள்ளியில் நடத்தியதை நான் அவளுக்கு நடத்துவேன். அவளுக்குச் சொல்லவேண்டுமே என்பதற்காகவே வகுப்பில் காது கொடுத்துக் கேட்டேன், புரியாததை எழுந்து நின்று கேட்டேன். டீச்சருக்கே ஆச்சரியம். காலாண்டுப் பரீட்சையில் வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்துவிட்டேன்.

அக்கா மெதுவாகத்தான் படித்தாள். இருப்புநிலைக் குறிப்பில் சொத்து எந்தப் பக்கம், பொறுப்பு எந்தப் பக்கம் என்று மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்படிப் படிச்சா நீ பெயிலுதான்க்கா. அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது."

"திட்டாதடி டீச்சரு. இன்னொருக்கச் சொல்லு" என்று சிரித்தாள்.

தீபாவளி சீசன் வந்ததும் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி வைத்தார்கள். அவளுக்கு உட்கார நேரமில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பொருளியல் பதில்களை அம்மாவின் போனில் வாசித்துப் பதிவு செய்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனால் வேனில் போகும்போது கேட்கலாம் அல்லவா? தினமும் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் மாடிப்படியில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக வாசிப்பேன். வாசித்து வாசித்து எனக்கு அந்தப் பாடங்கள் மனப்பாடமாகிவிட்டன. இரண்டு பேரும் பாஸானால் விருதுநகரில் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் சேர்வது என்று பேசி வைத்திருந்தோம். வகுப்பில் எல்லாரும் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

பரீட்சை நெருங்கியது. தனித்தேர்வர்களுக்குச் சிவகாசியில் சென்டர் போட்டிருக்கிறார்கள் என்றாள். எனக்குச் சாத்தூரில் என் பள்ளியிலேயேதான். முதல் நாள் தமிழ். அம்மா இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு பூசினாள். அப்பா, "ரெண்டு பேரும் நல்லா எழுதுங்க" என்றார். பச்சைச் சுடிதார் போட்டிருந்த அக்கா, தோளில் பையோடு எனக்கு முன்னாலேயே கிளம்பினாள். தெருமுனையில் திரும்பி எனக்குக் கை காட்டினாள்.

படபடப்பில் நான் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். வழியில் ஓர் இடத்தில் பாலம் வேலை நடந்தது. ஒரு பக்கம் மட்டும் வண்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் முன்னேறிப் போய், நின்றிருந்த ஒரு கம்பெனி வேனை ஒட்டி நின்றது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். வேன் ஜன்னலில் அக்கா இருந்தாள்.

அதே பச்சைச் சுடிதார். அதன் மேல் அவள் வேலைக்குப் போடும் அப்பாவின் பழைய சட்டை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று குனிந்துகொண்டாள். சீட்டுக்குக் கீழே எதையோ தேடுகிறவளைப் போல.

பக்கத்துப் பெண்தான் கையை வெளியே நீட்டி, "நல்லா எழுது தாயி! ஒனக்காகத்தான் அவ அம்புட்டுப் பாடுபட்டா" என்று கத்தினாள்.

அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. அது எனக்கு அங்கேயே புரிந்தது. வேன் முழுவதும் தெரிந்திருக்கிறது.

பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை வாசிக்கக் கொடுத்த நேரம் முழுக்க எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, மண்டையில் ஏறவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போனால் அவளுக்குச் சரியான பாடமாக இருக்கும் என்று தோன்றியது. மணி அடித்ததும் கை தானாக எழுத ஆரம்பித்தது. எழுதியதும் கோபத்தில்தான்.

சாயங்காலம் அவள் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"பணம் கட்டலையா? லீவு தரலையா? என்னக்கா ஆச்சு?"

ஏதாவது ஒரு தடை வந்து நின்றுபோனது என்று அவள் சொல்லிவிடக் கூடாதா என்றுதான் அப்படிக் கேட்டேன். அவள் பொய் சொல்லவில்லை.

"நான் எழுதறதாவே இல்ல புள்ள. மொதல்ல இருந்தே. நீ படிக்கணும்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "நாங்க என்ன, கெடுதலா செஞ்சோம்?" என்றாள். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார்.

"நான் போன்ல வாசிச்சு அனுப்புனதெல்லாம்?"

"வேன்ல ஏறுனதும் தூங்கிருவேன்டி. நீ பாப்பேன்னு தெறந்து மட்டும் வைப்பேன்."

நீல டிக் விழுந்ததும் எனக்குள் எழும்பிய சந்தோசத்தை நினைத்துக்கொண்டேன். இத்தனை மாதமும் நான் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு குழந்தைக்குச் சோறூட்ட வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். மற்றப் பரீட்சைகளுக்குத் தனியாகப் படித்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போனேன்.

நல்ல மார்க் வந்தது. விருதுநகரில் பி.காம் சேர்ந்தேன், தனியாக. முதல் வருடம் முழுக்க என் பக்கத்து இடம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த பரீட்சைக்கு நானே அவளுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தேன். "விடு புள்ள, எனக்கெதுக்கு இனிமே" என்று கையில்கூட வாங்கவில்லை. அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. இப்போது நாரணாபுரத்தில் இருக்கிறாள். அங்கேயும் பட்டாசு வேலைதான். நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்க்கிறேன்.

கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள். நானும் ஆமாம் என்பேன். சொன்ன பிறகு வாய் கசக்கும். அவள் இல்லையென்றால் நான் படித்திருக்க மாட்டேன், அது உண்மை. நான் அவளோடுதான் கல்லூரிக்குப் போவதாக நம்பிப் படித்தேன், அதுவும் உண்மைதானே? அதை யாரும் கேட்பதில்லை.

போன பொங்கலுக்கு அவள் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஒரு நாளாவது எழுதிப் பாப்பமான்னு ஒனக்குத் தோணலையாக்கா?"

"தோணல" என்றாள், கையிலிருந்த பானையைத் தேய்த்துக்கொண்டே. "நெசமாத்தான் சொல்றேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சொல்வதை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கு அந்தப் பாலத்தருகே வேனைப் பார்த்த அன்றே போய்விட்டது.