மொட்டைக்கு முன்னால் எடுத்த படம்

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழியில் ஒரு பழைய ஜமீன் பங்களா இப்போது தங்கும் விடுதியாகிவிட்டது. அதன் ஹாலில் தொங்கும் பெரிய குடும்பப் படத்துக்குச் சட்டம் போட்டவள் நான்தான். ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு போட்டோ கடை. பாஸ்போர்ட் படம், லேமினேஷன், பிரேம், எது வந்தாலும் செய்வேன். என் எரிச்சல் மட்டும் இலவசம்.

பங்களாவை வாங்கியவர் பரணில் கிடந்த மூலப்படத்தைக் கொண்டுவந்தார். நூறு வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஸ்டுடியோத் திரையில் வரைந்த தூண்களுக்கு முன்னால் ஜமீன்தார் கத்தியோடு உட்கார்ந்திருக்கிறார். மறுபக்கம் அவர் மனைவி, நகைக்கடையையே மேலே சாத்திக்கொண்டு. இரண்டு ஓரத்திலும் தலைப்பாகையோடு இரண்டு பையன்கள். நடுவில், முக்காலியில், பட்டுப் பாவாடை கட்டிய குழந்தை. பூ தைத்த பின்னல் தெரியட்டும் என்று அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. அந்தக் காலத்துக் கேமராவுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். எல்லோரும் அப்படியே இருந்திருக்கிறார்கள். குழந்தை மட்டும் தலையைத் திருப்பிவிட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தீற்றல்.

“ஏனுங்க, பேயாட்டம் இருக்குதுங்களே. வர்றவங்க பயந்துக்குவாங்க” என்றார் பங்களாக்காரர். இல்லாத முகத்துக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். அவரே செல்போனில் ஏதோ ஒரு ஆப்பில் போட்டார். அது பாவாடையையும் பூவையும் பார்த்துவிட்டு, நீள இமையோடு அழகான பெண்குழந்தை முகம் ஒன்றை வைத்துவிட்டது. கீழே ‘இளவரசி’ என்று போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். மூலப்படத்தைத் திருப்பி வாங்க அவருக்குத் தோன்றவே இல்லை, அது என் டிராயரிலேயே கிடந்தது.

போன மாசம் தூறலில் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். எழுபது தாண்டியவர், சேலத்துக்காரர். விடுதியில் அந்தப் படத்தைப் பார்த்துச் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

“இதுல ஒண்ணு போட்டுக் குடுங்க அம்மிணி. இளவரசின்னு எழுதியிருக்கறாங்க, அது பொம்பளப் புள்ளையில்லீங்க. எங்கப்பாருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பையனுக்கு மொட்டை போடுவதற்கு முன்னால் பாவாடை கட்டி, பூ தைத்துப் படம் எடுப்பது நம் வழக்கம்தானே. இன்றைக்கும் குலதெய்வம் கோவிலுக்குப் போகிறவர்கள் என் கடைக்கு வருகிறார்கள்.

அவருடைய அப்பா ஜமீனின் கடைசிப் பையன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகளைக் கட்டிக்கொண்டதற்காக வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். படங்களிலிருந்தும் வெட்டி எடுத்துவிட்டார்கள். மகள் தொட்டிலில் கிடக்கும்போதே அவர் காய்ச்சலில் போய்விட்டார்.

“மொட்டைக்கு முந்தி எடுத்த படம் மட்டும் தப்பிச்சிருக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க. நடுவுல உக்காந்திருக்கறவரை எப்படிங்க வெட்டறது? இன்னைக்குத்தானுங்க எங்கப்பாரு மொகத்தைப் பாக்கறேன். எம் பேரன் கண்ணேதானுங்க.” செல்போனை உதட்டில் ஒற்றிக்கொண்டார்.

பேசாமல் அச்சடித்துக் கொடுத்துவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை காலம் கழித்துக் கிடைத்த அப்பனைப் பிடுங்க நான் யார்? ஆனால் இவர் அதற்குத் தினமும் விளக்கேற்றுவார். யாருடையதும் அல்லாத ஒரு முகத்துக்கு. அதை என்னால் தாங்க முடியவில்லை.

“அம்மா, அது உங்கப்பா மொகமில்லீங்க. மிஷினு போட்டதுங்க” என்று சொல்லி, மூலப்படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “இதுல மொகமே இல்லீங்களே” என்று அழுதார்.

“அசைஞ்சுட்டாருங்க. ஆடாம இருன்னு சொல்லியிருப்பாங்க. கேக்கலை.”

அவர் விரல் ஜமீன்தார் மேல் போனது. பிறகு மனைவி, பிறகு பையன்கள். கடைசியில் தீற்றலில் வந்து நின்றது. அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

“குடும்பமே சொன்னபடி ஆடாம இருக்குது பாருங்க. எங்கப்பாரு அப்பவே அடங்கலை.”

செல்போனில் இருந்த அழகான முகத்தை அழித்தார்.

“இதையே பெருசாப் போட்டுக் குடுங்க அம்மிணி. அந்த மொகத்தை மட்டும் தொட்டறாதீங்க.”