முடிவு சொல்லாத நாவல்

நான் பரிந்துரைத்த அந்தக் கனடா நாவல் இல்லவே இல்லை. யாரும் எழுதவில்லை. அந்த நிமிடத்தில் நானே இட்டுக்கட்டியது!

என் பேச்சை நம்பிப் புத்தகம் தேடிப்போகிறவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

சிங்கப்பூரில், கிளமெண்டி வட்டாரத்தில், எங்கள் அம்மாக்கள் வாசிப்புக் குழு மாதம் ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளும். ஆளுக்கொரு நாவலைப் பரிந்துரைக்க வேண்டும். விதி ஒன்றுதான்: முடிவைச் சொல்லக் கூடாது.

அந்த மாதம் கனடா. சிந்துஜாவுக்காக. அவள் கணவர் முன்பே அங்கே போய்விட்டார். கைக்குழந்தையுடன் தானும் போவதா வேண்டாமா என்று அவள் தவித்தாள். "அவர் வேலைக்குப் போயிட்டா, பனியில பிள்ளையோட தனியா என்ன செய்யப் போறேங்க்கா?" என்பாள். ஆகவே, இந்தக் காலத்து நாவல்களாக, கலகலப்பானவையாகச் சொல்வதென்று முடிவு.

நூலகத்திலிருந்து இரண்டு எடுத்து வந்தேன். என் பாப்பாவுக்குக் காய்ச்சல், ஒன்றையும் திறக்கவில்லை. படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே! பொறுப்பானவள் என்ற பெயர் எனக்கு அவ்வளவு முக்கியமா?

என் முறை வந்ததும் வாய் தானாகப் பேசியது. உறைந்த ஏரிக்கரையில் ஒரு மஞ்சள் வீடு. அங்கே கைக்குழந்தையுடன் ஒரு பெண். கதவைத் தட்டக் கூச்சப்பட்டு, வாசலில் சூப் வைத்துவிட்டு ஓடிவிடும் பக்கத்து வீட்டுக்காரி. கதவு திறப்பதற்குள் சூப் கல்லாக உறைந்துவிடும்... எல்லாரும் சிரித்தார்கள். சிந்துஜாதான் அதிகம் சிரித்தாள்.

பேசும்போதே முடிவும் எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்புக் குல்லா அணிந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இவளை ஏரியின் மேல் நடக்க அழைக்கிறாள். நடு ஏரியில் ஒரு சத்தம்... பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம். பனியையே பார்த்திராத எனக்கு அது எங்கிருந்து கேட்டது?

"ஏய், எண்டிங்க சொல்லிடாத லா!" என்று அதட்டினார் மல்லிகா அக்கா.

நான் நிறுத்திக்கொண்டேன். நிம்மதியாக!

அடுத்த வாரம் தேக்கா சந்தையில் சிந்துஜாவைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் மசாலாப் பொட்டலங்கள்.

"டிக்கெட் போட்டுட்டேங்க்கா! உங்க நாவலக் கேட்டப்புறம்தான் தைரியமே வந்துச்சு. லைப்ரரில தேடுறேன், கிடைக்கல. டைட்டில் என்ன?"

"மறந்துபோச்சும்மா..."

"என்னக்கா நீங்க! படிச்ச புக்கு பேரு கூடவா மறக்கும்?"

போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் அனுப்பினாள். மஞ்சள் வீடு. பின்னால் வெள்ளையாக ஏரி.

"கனடால மஞ்சள் வீடே இருக்காதா? சும்மா பயப்படாத," என்றார் என் கணவர்.

அப்புறம் இன்னொரு படம். வாசல் பனியில் ஒரு கிண்ணம். "சூப்புக்கா! தட்டாமலே வச்சிட்டுப் போயிட்டாங்க. கல்லு மாதிரி இருக்கு!" படத்தின் ஓரத்தில், திரும்பி நடக்கும் யாரோ ஒருத்தி. தலையில் சிவப்புக் குல்லா.

குல்லாவைப் பற்றி நான் குழுவில் சொல்லவே இல்லை!

"இப்பவாச்சும் எண்டிங் சொல்லுங்கக்கா," என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்படி ஒரு நாவலே இல்லை என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். நாவல் இல்லையென்றால் அவள் குடியிருக்கும் அந்த வீடு...? இல்லை, உங்களிடம் பொய் வேண்டாம். முதலில் என்னைத் தடுத்தது பயமல்ல. வெட்கம்! ஒவ்வொரு முறையும், பாப்பா அழுகிறாள், அப்புறம் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

நேற்று காலை பாப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து கைபேசியை எடுத்தேன்.

"நீங்க சொல்லவே மாட்டீங்க போல! பக்கத்து வீட்டம்மாவுக்கு அந்தக் கதை தெரியுமாம். ஏரி மேல நடந்துக்கிட்டே முடிவச் சொல்றேன்னு கூப்பிடுறாங்க. பிள்ளையையும் தூக்கிட்டுப் போறேங்க்கா."

போகாதே என்று அனுப்பினேன். அழைத்தேன். மறுபடியும் அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை. அவள் கணவரின் எண்ணோ என்னிடம் இல்லை. செய்தியின் கீழே ஒற்றை டிக்... இன்றும் ஒற்றை டிக்தான்.

குழுவில் மல்லிகா அக்கா கேட்டிருக்கிறார்: "சிந்துஜா எப்படி இருக்கா? யாருக்காவது தெரியுமா?"

நான் பதில் எழுதவில்லை. முடிவைச் சொல்லக் கூடாது... அதுதானே எங்கள் விதி!