சிடிக்கு வைத்த பொட்டு

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில், ஆட்கள் படியில் ஏறும் விதத்தை வைத்தே அவர்களை எடைபோட்டுவிடுவேன். ஏறும்போதே சண்டைக்குத் தயாராக வருகிறவர்கள் உண்டு. சில்லறையை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. ஏறி உட்கார்ந்த பிறகு இந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்கிறவர்களும் உண்டு. என் மனைவி இவர்கள் யாருடனும் சேர மாட்டாள். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை ஊர் ஊராக முழுவதும் படித்துவிட்டுத்தான் காலை எடுத்துப் படியில் வைப்பாள். அதற்குள் நான் விசில் ஊதியிருப்பேன். எனக்கு எதிலும் அவசரம். இதற்காக அவளை நான் கடிந்துகொள்ளாத நாளில்லை. ஆனால் அவளை நினைத்துப் பெருமைப்பட எனக்கு இருக்கும் காரணங்களில் முதல் காரணமும் இதுதான்.

திருப்பரங்குன்றத்தில் அவளுடைய அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் தட்டி, பக்கம் அமைத்து, அச்சகத்துக்குக் கொடுக்கிற வேலை. முருகன் கோயிலில் முகூர்த்த நாளென்றால் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் வரிசையில் நிற்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான், பத்திரிகை வேலை கொட்டும் என்று நம்பிக் கடையைத் திறந்தாள். வந்த கூட்டம் பத்திரிகையை அவரவர் ஊரிலேயே அடித்துவிட்டு, தாலி கட்டுவதற்கு மட்டும் பரங்குன்றம் வந்தது. இது எங்கள் இருவருக்கும் முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ஆள் வராத அந்த மாதங்களில் அவள் சும்மா உட்காரவில்லை. கம்ப்யூட்டருக்குள் 'ஹெல்ப்' என்று ஒரு பகுதி இருக்கும், யாரும் திறந்து பார்க்காத பகுதி. பக்கத்தில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு அதை ஒரு பக்கம் விடாமல் படித்தாள். நான் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் கேலி செய்வேன். "இதுல என்ன பரீட்சையா வைக்கப் போறாங்க?" என்பேன். "வச்சா எழுதுவோம்" என்பாள்.

அவளுடைய அண்ணன், எனக்கு மச்சான், கெட்டவரில்லை. தங்கைக்குச் செய்யணும் என்றுதான் அறையைக் கொடுத்தார். ஆனால் எஸ்டிடி போன் பூத் வைக்க ஒருவர் அந்த அறையைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். "கார்த்திகை பொறக்குறதுக்குள்ள நிலையா ஒரு வேலை வந்திருச்சுன்னா கடை ஒனக்கு. வரலேன்னா ரூமை விட்ருவேன்த்தா. எம்புட்டு நாளைக்குத்தான் நானும் பாக்குறது?" என்று சொல்லிவிட்டார். கடை போனால் கம்ப்யூட்டரை வைக்க எங்கள் வாடகை வீட்டில் இடம் கிடையாது. விற்க வேண்டியதுதான். அதை அவள் என்னிடம் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ராத்திரியில் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் டவுனில் ஒரு அச்சகக்காரர் ஒரு பள்ளிக்கூடத்து வெள்ளிவிழா மலரைக் கொடுத்தார். "மாசக் கடைசித் திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள பக்கம் பூராவும் ஏங் கைக்கு வந்திரணும். வந்துச்சுன்னா இனிமே எங்க டைப் வேலை எல்லாம் ஒங்களுக்குத்தான்மா. வரலேன்னா வேற எடம் பாத்துக்கிறேன்" என்றார். மச்சான் சொன்ன நிலையான வேலை என்றால் அதுதான். அவளும் இரவு பகலாகத் தட்டிக் கிட்டத்தட்ட முடித்துவிட்டாள். ஆயுத பூஜை வந்து போனது. அடுத்த வியாழக்கிழமை கம்ப்யூட்டருக்குள் பல்லி கத்துவது போல 'டக் டக்' என்று ஒரு சத்தம். பிறகு திரை கறுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அவள் பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். தினமும் கடை சாத்துவதற்கு முன்னால் அன்றன்றைய பக்கங்களை ஃப்ளாப்பியில் ஏற்றி அதில் போட்டுவைப்பது அவள் வழக்கமாம். எனக்கு அதுவரை தெரியாது. மலர் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் மெஷின் இல்லை.

வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து மெக்கானிக் வந்து புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டினார். எங்கள் விண்டோஸ் சிடியைப் போட்டு ஏற்ற ஆரம்பித்தார். பாதியில் நின்று, இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்றது. 'ஸ்கிப்' என்று ஒரு தட்டு தட்டினார். கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி ஸ்கிப். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நிறுத்தத்தில் நிற்காமல் ஓட்டுகிற டிரைவரை எனக்கு எப்போதுமே பிடிக்கும். "ஓடும் அண்ணே. இல்லேன்னா திங்கக்கெழமை வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு அவள் மெஷினைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தேவையான ஒரு சிஸ்டம் கோப்பைக் காணவில்லை, ஏதாவது ஒரு பட்டனை அழுத்தித் தொடரவும் என்று வந்தது. அழுத்தினால் இன்னொரு கோப்பைக் காணவில்லை. அதையும் அழுத்தித் தாண்டி, பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேரையும் ஏற்றி மலரைத் திறக்கப் போனால், அங்கே ஒரு டி.எல்.எல் கோப்பைக் காணவில்லை என்று மூடிக்கொண்டது. மலரைக் கொடுக்கவேண்டிய நாளோ திங்கள். மெக்கானிக் வருவதும் திங்கள்.

மறுநாள் சனிக்கிழமை எனக்கு வார ஓய்வு. கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, உதவி என்ற பெயரில் கத்த ஆரம்பித்தேன். "அமுக்கு, அமுக்கு, எதையாச்சும் அமுக்கு. போயிரும்" என்றேன்.

"எதையும் அமுக்க வேணாம். என்ன கேக்குதுன்னு மொதல்ல படிப்போம்" என்றாள். "பேரைச் சொல்லித்தான கேக்குது. பேரைச் சொல்லிக் கேக்குறவனுக்கு எடுத்துக் குடுத்துட்டுப் போறோம். அம்புட்டுத்தான்."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குரலில் பயமே இல்லை. எனக்குத் திரையில் தெரிந்தது ஒரு பூட்டிய கதவு. அவளுக்கு அதில் தெரிந்தது காணாமல்போன மூன்று பெயர்கள். அந்தப் பெயர்களைப் பேனாவால் புறங்கையில் எழுதிக்கொண்டாள். காணாத கோப்பைச் சிடியிலிருந்து தனியாக எடுத்துப் போட விண்டோஸுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது என்று ஹெல்ப்பில் படித்திருந்தாள். அதைத் திறந்தாள். பெயரைக் கொடுத்தாள். சிடி கரகரவென்று சுற்றிவிட்டு, படிக்க முடியவில்லை என்றது.

சிடியை வெளியே எடுத்தாள். ஜன்னல் பக்கம் போய் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து எழுந்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சேன்ல" என்றாள்.

விஷயம் இதுதான். பூஜையன்று கம்ப்யூட்டர், பிரிண்டர், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் என்று எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டிருந்தாள். சிடிக்கும் வைக்காமல் இருப்பாளா? எங்களுடையது காப்பி எடுத்த சிடி. ஒரு பக்கம் மார்க்கர் பேனாவில் கிறுக்கல், இன்னொரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. பொட்டை முகத்தில்தானே வைப்போம். பளபளக்கிற பக்கத்தில், நடு ஓட்டைக்கு நேர் மேலே வைத்துவிட்டாள். மறுநாள் முந்தானையால் துடைத்தும் வைத்தாள். சந்தனம் அவ்வளவு லேசில் போகிற சாமானா? மேலுக்குப் பார்த்தால் தெரியாது. சாய்த்துப் பார்த்தால் நெற்றியில் காய்ந்த தடம்போல மங்கலாக ஒரு வட்டம் இருந்தது.

அப்போது எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது. டிப்போவில் பஸ்ஸுக்கும் பூஜை போடுவோம். முன் கண்ணாடியில் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசுவோம். மறுநாள் டிரைவர் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இல்லையென்றால் ரோடு எப்படித் தெரியும்? இதைச் சொன்னதும், "அதேதான்" என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். காலையிலிருந்து நான் பேசியதில் உருப்படியான ஒரே வார்த்தை அதுதான்.

சிடியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, என் பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக இழுத்துத் துடைத்தாள். வட்டமாகத் தேய்க்கக் கூடாதாம். அதுவும் ஹெல்ப்பில் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. காய்ந்ததும் போட்டாள். முதல் கோப்பு வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது வரவில்லை. மலரைத் திறக்கவிடாமல் செய்த அந்த டி.எல்.எல்தான் அது. முந்தானையால் துடைத்தபோது குங்குமத் துகள் அந்த இடத்தைக் கீறியிருக்க வேண்டும்.

அடுத்த தெருவில் இன்னொரு டிடிபி கடை இருந்தது. எங்களுக்குப் போட்டிக் கடை. அந்த மலர் வேலையை அந்தக் கடைக்காரரும் கேட்டுப் பார்த்தவர்தான். அங்கே போகலாம் என்று அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. "அவன்கிட்டயா? குடுப்பானா?" என்றேன். "கேட்டாத்தான தெரியும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். என் மனைவியின் தைரியம் இப்படித்தான், செருப்பு மாட்டுகிற சத்தத்துக்கு மேல் அதற்குச் சத்தம் கிடையாது.

அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன மதினி, எங்கிட்டயும் அதே சிடிதான். எடுத்துக்கிட்டுப் போங்க" என்று உறையிலிருந்து உருவினார். அதிலும் நடுவில் சந்தனமும் குங்குமமும். அவர் துடைக்கக்கூட இல்லை, பொட்டு புதுசாக அப்படியே இருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த வருடத்திலிருந்து எங்கள் ஊரில் சிடியின் பெட்டிக்குத்தான் பொட்டு வைத்தார்கள்.

"இனி என்ன மதினி செய்யிறது?" என்றார் அவர்.

அவள் அவருடைய கம்ப்யூட்டரைக் காட்டினாள். "இது நல்லா ஓடிக்கிட்டுத்தான இருக்கு? அப்பன்னா நான் தேடுற கோப்பு இதுக்குள்ளேயே இருக்கணும். சிடி எதுக்கு? கழுவப் போயி ஒங்களுதையும் கீற வேணாம்."

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்து, அந்த மெஷினின் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்று தன் அடுப்படியைப் போலத் தெரிந்துவைத்திருந்தாள். முதலில் இரண்டு விண்டோஸும் ஒரே வகைதானா என்று சரிபார்த்தாள். பிறகு புறங்கையைப் பார்த்துப் பெயரைத் தட்டினாள். கோப்பு கிடைத்தது. ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிடும் அளவுதான். போட்டிக்கடைக்காரரே தன் மேசையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தார். "வெள்ளிவிழா மலருக்குத்தான மதினி? நல்லபடியா முடிங்க" என்றார். அவர் மனசையும் சொல்லாமல் விடக்கூடாது.

நாங்கள் திரும்பி வந்தபோது மச்சான் அளவெடுக்கிற டேப்புடன் அறைக்குள் நின்றார். பூத்துக்காரர் கேபின் போட அளவு கேட்டிருந்தாராம். "நீ பாட்டுக்கு வேலையைப் பாருத்தா. நான் அளந்துட்டுப் போயிர்றேன்" என்று சங்கடத்தோடு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டேப்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "அண்ணே, அந்த ஒயரை மட்டும் மிதிச்சிராதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கோப்பை அதற்குரிய இடத்தில் வைத்து மெஷினை அணைத்துப் போட்டாள். மச்சான் வாசல் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். கறுப்புத் திரையில் எந்தப் பெயரும் வரவில்லை. சாஃப்ட்வேரைத் திறந்து, பிஸ்கட் டப்பாவிலிருந்து முதல் ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டாள். மலரின் அட்டை, தமிழ் எழுத்து ஒன்றுகூட உடையாமல் வந்து நின்றது. "ஏத்தா, இது நான் படிச்ச பள்ளிக்கூடமாச்சே" என்று மச்சான் குனிந்து படிக்க ஆரம்பித்தார். டேப்பு தானாகச் சுருண்டு கைக்குள் போனது. "சரி, திங்கக்கெழமை அந்த அச்சகத்துல என்ன சொல்றாகன்னு பாப்போம் மாப்ள" என்று என்னிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மிச்சப் பக்கங்களையும் முடித்து எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தாள். திங்கட்கிழமை காலை இரண்டு அட்டைகளுக்கு நடுவே தாள்களை வைத்துக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். எனக்கு டியூட்டி. டிக்கெட் கிழிக்கிற கை கிழித்துக்கொண்டிருந்ததே தவிர, நினைப்பெல்லாம் அச்சகத்தில்தான் இருந்தது.

மத்தியானம் டவுனில் பெரியார் பஸ் நிலையத்தில் பரங்குன்றம் போக என் பஸ் நின்றபோது, கூட்டத்துக்குள்ளிருந்து அவள் வருவது தெரிந்தது. கையில் வெறும் அட்டைகள். தாள்களை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். மேற்கொண்டு என்ன சொன்னார்கள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றாள். புருஷன் வேலை பார்க்கிற பஸ்தான், எத்தனையோ தடவை வந்த பஸ்தான். இருந்தாலும் தலையை நிமிர்த்தி, நெற்றியில் எழுதியிருந்ததை முதல் ஊரிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். படியில் நின்றவர்கள் "ரைட் குடுங்கண்ணே" என்று சத்தம் போட்டார்கள். நான் விசிலை ஊதாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கடைசி ஊர்வரை படித்து முடித்துவிட்டு ஏறினாள்.

"பரங்குன்றம் ஒண்ணு குடுங்க" என்றாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேலை நமக்குத்தான். அண்ணன்கிட்ட இன்னைக்கே சொல்லிரணும்" என்றாள்.

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு விசில் ஊதினேன். அன்றைக்கு ரொம்ப நேரம் ஊதினேன் என்று டிரைவர் பிறகு சொன்னார்.